சூடானால் நிற்கும், ஆறினால் கிளம்பும் கார்: கோளாறை எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்லிவிடுகிறேன். 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் முதல் அரை மணி நேரம் ஒரு குறையும் இல்லை. வெயிலில் நாற்பது நிமிடம் ஓடிய பிறகு எஞ்சின் சட்டென்று நின்றுவிடுகிறது. சில நாள் ஹைவேயில், சில நாள் சிக்னலில். செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஆனால் எஞ்சின் பிடிப்பதில்லை. இருபது நிமிடம் ஓரமாக நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் நிற்பதே இல்லை, ஸ்கேனரிலும் எரர் கோட் வரவில்லை. பிளக் மாற்றியாயிற்று, பேட்டரி மாற்றியாயிற்று, கடைசியாக பெட்ரோல் பம்பும் மாற்றியாயிற்று. பம்ப் போட்ட நான்காம் நாள் மறுபடி நின்றது. அடுத்து இசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். இசிஎம் கெடவே கெடாது என்று சொல்லவில்லை, ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள். அதற்காக மெக்கானிக் மேல் கோபப்படவும் வேண்டாம். அவர் கைக்கு வரும்போது வண்டி நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிற வண்டியில் எதை அளந்தாலும் நன்றாகத்தான் காட்டும். வண்டி செத்துக் கிடக்கிற அந்த இருபது நிமிடத்தில் பக்கத்தில் நிற்பவர் ஒருவர்தான், நீங்கள். அந்த நேரத்தில் நாம் எல்லோரும் என்ன செய்கிறோம்? பதற்றத்தில் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிப்போம், பானெட்டைத் திறந்து கைக்கு எட்டிய ஒயரை எல்லாம் அசைப்போம், அதற்குள் எஞ்சின் ஆறிவிடும். ஸ்டார்ட் ஆனதும் அப்பாடா என்று கிளம்பிவிடுவோம். தடயம் முழுக்க அங்கேயே போய்விடுகிறது.

பாதுகாப்பு பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஓடும்போது எஞ்சின் நின்றால் பிரேக்கில் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வாக்யூம் மிச்சம் இருக்கும், அதன் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து ஓரம் கட்டுங்கள். ஸ்டியரிங் கனமாகும், ஆனால் திரும்பும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை முழுக்கத் திருப்பி வெளியே எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் லாக் விழுந்துவிடும்.

இனி விஷயம். எஞ்சின் எப்படி நின்றது என்பதில்தான் பாதி பதில் இருக்கிறது. ஃபேன் ஸ்விட்சை அணைத்த மாதிரி, முன்னறிவிப்பே இல்லாமல் ஒரே நொடியில் நின்றதா? அல்லது பிக்கப் விழுந்து, இரண்டு மூன்று ஜெர்க் கொடுத்து, இருமி இருமி நின்றதா? முதலாவது பெரும்பாலும் மின்சாரப் பக்கம்: சென்சார், ரிலே, இக்னிஷன் ஸ்விட்ச், எர்த். இரண்டாவது பெரும்பாலும் எரிபொருள் பக்கம். ஏனென்றால் பம்ப் நின்றாலும் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில் இருக்கிற அழுத்தம் இறங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்; அந்த நேரம்தான் ஜெர்க்காகத் தெரிகிறது. நீங்கள் "சட்டென்று" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தையை மெக்கானிக்கிடம் சொன்னீர்களா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை பம்ப் தப்பித்திருக்கும்.

என் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல். அது என்ன செய்கிறது என்று தெரிந்தால், உங்கள் வண்டியில் இதுவரை நடந்த செலவுக்கெல்லாம் காரணம் புரியும். பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றுகிறது. பல கார்களில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், அதில் 2 பல்லை வேண்டுமென்றே விட்டு 58 பல்தான் வெட்டியிருப்பார்கள். அதன் எதிரே, சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், சென்சார் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு துடிப்பு இசிஎம்முக்குப் போகும். பல் இல்லாத அந்தச் சந்து வரும்போதுதான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று இசிஎம்முக்குத் தெரிகிறது. ஸ்பார்க் எப்போது கொடுப்பது, இன்ஜெக்டரை எப்போது திறப்பது, எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

இந்தத் துடிப்பு வரவில்லை என்றால் பெரும்பாலான வண்டிகளில் இசிஎம் ஸ்பார்க்கையும் நிறுத்தும், இன்ஜெக்டரையும் நிறுத்தும், பெட்ரோல் பம்ப் ரிலேயையும் துண்டித்துவிடும். விபத்தில் எஞ்சின் நின்றுபோன வண்டியில் பம்ப் மட்டும் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கக் கூடாது அல்லவா, அதற்கான ஏற்பாடு அது. ஆக, கிராங்க் சென்சார் போன வண்டியில் பிளக்கைக் கழற்றி செல்ஃப் அடித்துப் பார்ப்பவருக்கு ஸ்பார்க் தெரியாது. பிளக், காயில் என்று மாற்றுவார். பம்ப் லைனில் டெஸ்ட் லேம்ப் வைத்து செல்ஃப் அடித்தாலும் கரண்ட் வராது. பம்ப், ரிலே என்று மாற்றுவார். இருவர் பார்த்ததும் உண்மைதான். ஆனால் அவை இரண்டும் விளைவுகள்.

எரர் கோட் ஏன் வரவில்லை என்பதும் இதே கதைதான். துடிப்பு நின்றால் இசிஎம் கண்ணுக்கு எஞ்சின் சுற்றவில்லை, அவ்வளவுதான். நீங்களே சாவியைத் திருப்பி அணைத்தாலும் அதற்குத் தெரிவது அதேதான். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைக் கவனிக்கும் கேம் சென்சாரிலிருந்து துடிப்பு வந்துகொண்டே இருந்து, கிராங்க்கிலிருந்து மட்டும் வராமல் இருப்பதை அது சில நொடிகளாவது கவனித்தால்தான் பி0335 என்ற கோட் பதியும். பல நேரம் அதற்குள் வண்டி நின்றேவிடும். போதாக்குறைக்கு உங்கள் வண்டியில் பேட்டரியை வேறு கழற்றி மாற்றியிருக்கிறார்கள். ஏதாவது பதிந்திருந்தாலும் அதில் அழிந்திருக்க வாய்ப்பு உண்டு. கோட் இல்லை என்பதால் சென்சார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

சரி, அடுத்த முறை நின்றால் என்ன பார்ப்பது? ஓரம் கட்டி, ஹசார்ட் லைட் போட்டு, செல்ஃப் அடிப்பதற்கு முன் சாவியை ஆஃப் செய்து பத்து நொடி கழித்து ஆன் மட்டும் செய்யுங்கள். ஜன்னலை ஏற்றிவிட்டு, ஏசி ஃபேனை அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று நொடிக்கு "ஊம்ம்" என்று பம்ப் ஓடி நிற்க வேண்டும். இந்த முதல் ஓட்டத்துக்குக் கிராங்க் துடிப்பு தேவையில்லை. அதனால் இந்தச் சத்தம் கேட்டால் பம்பும் அதன் ரிலேயும் அநேகமாக உயிரோடு இருக்கின்றன. அதே சமயம் மீட்டரில் செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சாவி ஆன் செய்ததும் அது எரியத்தான் வேண்டும். எரியவே இல்லை என்றால் இசிஎம்முக்கே கரண்ட் போகவில்லை. அப்போது சென்சாரை மறந்துவிட்டு மெயின் ரிலே (இசிஎம்முக்குக் கரண்ட் விடும் ஸ்விட்ச்), ஃபியூஸ், இக்னிஷன் ஸ்விட்ச் என்று போக வேண்டும். எஞ்சின் நின்றதும் ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் சிவப்பாக எரிவதைப் பார்த்துச் சிலர் ஆல்டர்னேட்டர் போயிற்று என்று பயப்படுகிறார்கள். எஞ்சின் சுற்றாதபோது அவை எரிவது இயல்பு.

அப்புறம் செல்ஃப் அடியுங்கள், கண் ஆர்பிஎம் முள் மேல் இருக்கட்டும். நல்ல வண்டியில் செல்ஃப் அடிக்கும்போதே முள் 200 அல்லது 250 வரை லேசாக எழும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் முள் பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் துடிப்பு வரவில்லை. சில மாடல்களில் நல்ல நிலையிலும் முள் எழாது, அதனால் நாளைக் காலை வண்டி குளிர்ந்திருக்கும்போதே உங்கள் வண்டியில் எப்படி என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஹைவேயில் நான்காம் கியரில் போகும்போது நின்றால் இன்னும் தெளிவாகத் தெரியும். கிளட்சை மிதிக்காத அந்த ஓரிரு நொடியில் சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். முள் மெதுவாகத்தான் இறங்க வேண்டும். வண்டி 70இல் உருளும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் சந்தேகத்துக்கு இடமே அதிகம் இல்லை.

இதை நான் நேரில் பார்த்தது மாமாவின் பழைய செடானில். மே மாதம், மத்தியானம் இரண்டு மணி, உளுந்தூர்பேட்டை தாண்டி விழுப்புரம் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். உங்கள் வண்டி மாதிரியேதான் நின்றது. அதற்கு முந்தைய மாதம் ஒரு பட்டறையில் காயில் பேக் மாற்றியிருந்தார்கள். மாமா செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தார். "மாமா, கொஞ்சம் நிறுத்துங்க, முள்ளைப் பாருங்க" என்றேன். முள் அசையவில்லை. பம்ப் சத்தம் மட்டும் சாவி ஆன் செய்யும்போதெல்லாம் ஒழுங்காகக் கேட்டது. அந்த வண்டியில் சென்சார் கியர்பாக்ஸ் சேரும் இடத்தில், மேலிருந்தே கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. கர்சீப்பைக் குடிநீர் பாட்டிலில் நனைத்து அதன் மேல் சுற்றி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். மூன்று நிமிடம் இருக்கும். ஒரே செல்ஃபில் பிடித்தது. "இவ்ளோதானா?" என்றார் மாமா. விழுப்புரம் போய்ச் சேருவதற்குள் இன்னும் இரண்டு முறை நின்றது, இரண்டு முறையும் அதே கர்சீப். நீங்கள் செய்தால் சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் தண்ணீர் படாமல், ரேடியேட்டர் ஃபேனிடமிருந்து கையைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். எஞ்சின் நின்றிருந்தாலும் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். எல்லா வண்டியிலும் சென்சார் கைக்கு எட்டாது. கீழே புல்லிப் பக்கம் இருந்தால் இந்த வைத்தியம் நடக்காது.

வீட்டுக்கு வந்து அதைக் கழற்றி சமையலறை மேசையில் வைத்து மல்டிமீட்டர் மாட்டினேன். 870 ஓம் காட்டியது, நல்ல அளவு. ஹேர் டிரையரைப் பிடித்ததும் மெல்ல ஏறியது: 900, 950, 1,020. செம்புக் கம்பி சூடானால் தடை ஏறும், அதில் தப்பில்லை. அதற்கு மேல் நாலைந்து நொடியில் "ஓஎல்", அதாவது இணைப்பே இல்லை. உள்ளே முடி மாதிரி மெல்லிய கம்பி எங்கோ விட்டுப் போயிருக்கிறது. குளிர்ந்தால் இரண்டு முனையும் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் விரிந்தால் பிரிந்துவிடும். டிரையரை அணைத்து ஐந்தாறு நிமிடம் கழித்து மறுபடி 900 சொச்சம் காட்டியது. பட்டறையில் யார் அளந்திருந்தாலும் "சென்சார் ஓகே" என்றுதான் சொல்லியிருப்பார்கள். இந்த ஓம் கணக்கு இரண்டு ஒயர் சென்சாருக்கு மட்டும்தான். அதன் அளவும் மாடலுக்கு மாடல் சில நூறு ஓமிலிருந்து ஆயிரம் சொச்சம் வரை மாறும். மூன்று ஒயர் வந்தால் பெரும்பாலும் ஹால் வகை. அதற்கு ஓம் அளந்து பயனில்லை. சப்ளை வோல்ட், எர்த், சிக்னல் மூன்றையும் ஓடும்போது பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டியில் செக் எஞ்சின் விளக்கே எரியவில்லை என்றோ, ஸ்பீடு பிரேக்கரில் குதிக்கும்போது நிற்கிறது என்றோ இருந்தால் கதை வேறு. மெயின் ரிலே உள்ளே ஈயப் பற்று விரிசல் விட்டாலும் சூட்டில் விட்டுப் போகும், ஆறினால் சேரும். அறிகுறி சென்சார் மாதிரியே இருக்கும். ஃபியூஸ் பெட்டியில் அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள், பைசா செலவில்லை. இக்னிஷன் ஸ்விட்சையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் செவ்ரோலே கோபால்ட் முதலான சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். சாவிக்கொத்தின் கனத்திலோ ஒரு குலுக்கலிலோ ஸ்விட்ச் தானாக நழுவி எஞ்சின் அணைந்துவிடும், ஏர்பேக்கும் விரியாது. 124 பேரின் சாவுக்கு நிறுவனத்தின் நஷ்டஈட்டு நிதி பொறுப்பேற்றது. கார் சாவியோடு வீடு, கடை, பீரோ சாவி எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் மாட்டியிருப்பவர்கள் கார் சாவியை மட்டும் தனியாகக் கழற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம்.

எர்த் ஒயரும் எலியும் நம் ஊரில் தனி அத்தியாயம். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை துருப் பிடித்திருந்தால், செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதைச் சுத்தம் செய்யாமல் வேறு எதையும் மாற்றாதீர்கள். எலி பாதி கடித்துவிட்ட ஒயர் ஒரு இழையில் தொங்கிக்கொண்டு மாதக்கணக்கில் வேலை செய்யும். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது ஒயரிங் கட்டை ஒவ்வொரு சாணாகப் பிடித்து மெல்ல அசைத்துக்கொண்டே போனால், கடித்த இடம் வரும்போது எஞ்சின் சொல்லிவிடும். பெல்ட், ஃபேன் பக்கம் கை போகக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் போட்ட அலாரம், சென்ட்ரல் லாக், சிஎன்ஜி கிட் இருந்தால் அந்த ஜாயின்ட்களை முதலில் பாருங்கள். ஒயரை உரித்து முறுக்கி டேப் சுற்றியிருக்கிற இடம் ஒன்றாவது கிடைக்கும்.

எரிபொருள் பக்கம் உங்கள் விஷயத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, ஆனாலும் வேறு யாருக்காவது உதவும். இருமி நிற்கும் வண்டியில் நிற்பதற்கு முன் அழுத்தம் இறங்குகிறதா என்பதை கேஜ் மாட்டித்தான் சொல்ல முடியும். ரிட்டர்ன் லைன் (மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாய்) இல்லாத பெட்ரோல் வண்டிகளில் பொதுவாக 3 முதல் 4 பார் இருக்க வேண்டும். பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் முங்கித்தான் குளிர்கிறது, எப்போதும் ரிசர்வில் ஓட்டுபவர்களுக்கு அது சீக்கிரம் போகும். கம்பெனித் தவறும் உண்டு: பம்புக்குள் பெட்ரோலைத் தள்ளும் சிறு சக்கரமான இம்பெல்லரில் குறை என்று ஹோண்டா இந்தியாவில் 2020 ஜூனில் 65,651 கார்களையும், 2021 ஏப்ரலில் 77,954 கார்களையும் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுத்தது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் 17 இலக்க சேஸிஸ் நம்பரை அவர்கள் தளத்தில் போட்டு இப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. நின்றதும் டேங்க் மூடியைத் திறந்தால் "உஸ்ஸ்" என்று பலமாகக் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அதன் பிறகு ஸ்டார்ட் ஆனால் டேங்க்கின் காற்று வழி அடைத்திருக்கிறது. ஃபுல் டேங்க் போட்ட உடனே மட்டும் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகி நிற்கும் வண்டியில் பர்ஜ் வால்வு (டேங்க்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடும் வால்வு) திறந்தபடி சிக்கியிருக்கலாம். சிக்னலில், ஏசி போட்டால் மட்டும் அணைகிற வண்டிக்கு, எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் கார்பன் சுத்தம் செய்தால் பாதிக்கு மேல் சரியாகும்.

பட்டறையில் நிற்காத வண்டியைப் பட்டறையில் பிடிக்க முடியாது என்பதால், இசிஎம் தகவலைப் போனுக்கு அனுப்பும் ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் ஒன்றை நீங்களே வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் மாட்டிவிடுங்கள். போனில் ஆர்பிஎம், வண்டி வேகம், பேட்டரி வோல்ட், ஃப்யூவல் ட்ரிம் (இசிஎம் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற அளவு) நாலையும் மட்டும் பதிவு செய்ய விடுங்கள். நாலுக்கு மேல் போட்டால் பதிவு மந்தமாகும். நின்ற நொடியில் வேகம் 60 காட்டும்போதே ஆர்பிஎம் மட்டும் பூஜ்யம் என்றால் அதை அப்படியே மெக்கானிக்கிடம் காட்டலாம். ஆர்பிஎம், வேகம், வோல்ட் எல்லாம் ஒரே நேரத்தில் மறைந்து, டாங்கிளின் இணைப்பே துண்டித்தால் இசிஎம் கரண்ட் பக்கம். நிற்பதற்கு முன் ட்ரிம் 20, 25 சதவீதம் என்று மேலே ஏறிக்கொண்டே போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை.

சென்சார்தான் என்று முடிவானால் கம்பெனி பாகமே வாங்குங்கள். இந்த ஒன்றில் மட்டும் டூப்ளிகேட் வேண்டாம் என்பேன். காந்தமும் நீளமும் ஒரு துளி மாறினாலும் இடைவெளி மாறி, ஆறு மாதத்தில் இதே கேள்வியோடு வருவீர்கள். கழற்றும்போது நுனியில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா, கனெக்டருக்குள் ஆயில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில மாடல்களில் புதிய சென்சார் போட்ட பிறகு ஸ்கேனரில் ஒரு முறை லேர்னிங் கொடுத்து இசிஎம்முக்கு அதைப் பழக்க வேண்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சென்சாரைக் கையில் வாங்கி வந்து, ஹேர் டிரையர் பிடித்துப் பாருங்கள். பிறகு காலையில் அல்ல, மத்தியானம் ஒரு மணிக்கு ஏசி போட்டு ஒரு மணி நேரம் ஓட்டி, சூட்டோடு சூடாக அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். அணைத்த பிறகு காற்று படாமல் எஞ்சின் அறையில் சூடு இன்னும் ஏறும். பழைய சென்சார் தோற்றிருக்க வேண்டிய நேரம் அதுதான்.